உலகச் சந்தையில் தொலைந்த 'று'

கண்ணுகளா, சிரிப்பதானால் முதலில் என்னைப் பார்த்துச் சிரித்துவிடுங்கள். அதிகாரிகளைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அவர்கள் செய்த கோமாளித்தனத்துக்கு மாதம் பிறந்தால் சம்பளம் வந்தது. நான் அதையே இலவசமாகச் செய்தேன். ஆகவே முதல் மரியாதை எனக்குத்தான்.

நானும் என் நாத்தனாரும் சோப்புக் காய்ச்சுகிறவர்கள். என் வீட்டுக்காரர் போன பிறகு அவர் தங்கையும் நானும் ஒரே வீட்டில், ஒரே அடுப்பில், ஒரே வாயாக இருக்கிறோம். வாய் பெரும்பாலும் அவளுடையது. எண்ணெயையும் காரத்தண்ணீரையும் கலந்து காய்ச்சி, மரச்சட்டத்தில் ஊற்றி, இறுகியதும் கம்பியால் கட்டி கட்டியாக அறுப்போம். அறுக்கும்போது ஓரத்தில் மிஞ்சுகிற கோணல் துண்டுகளை ஒரு சட்டியில் போட்டுவைப்போம். சோப்பு வாங்குகிறவர்களுக்கு அதிலிருந்து ஒன்று கொசுறு. காசைக் கொடுத்த பிறகும் ஆள் நகராமல் நிற்பார். வாய்விட்டு எதுவும் கேட்கமாட்டார். நாங்களும் எதுவும் சொல்லமாட்டோம். துண்டு கைக்குப் போனதும் 'வரேன்' என்பார். இத்தனைதான் எங்கள் வியாபார ரகசியம்.

சந்தைக் கட்டடத்தில் மாடிப்படிக்குக் கீழே, நிமிர்ந்தால் தலை இடிக்கிற இடத்தில் எங்கள் கடை. அந்த இடம்தான் எங்கள் இருவருக்கும் சோறு.

ஒருநாள் சந்தையின் ஒலிபெருக்கி தொண்டையைச் செருமிக்கொண்டு பேசியது. நமது சந்தை உலகச் சந்தையோடு இணைகிறதாம். இணைப்புச் சான்று வாங்காத கடைகள் இடத்தைக் காலி செய்ய வேண்டுமாம். கடைசியில் 'வாழ்த்துகள்' என்றது.

"காலி பண்ணுன்னு சொல்லிட்டு வாழ்த்து எதுக்கு அண்ணி?" என்றாள் நாத்தனார்.

"உலகத்துல அப்படித்தான் சொல்லுவாங்க போல" என்றேன், ஏதோ போன வாரம்தான் உலகத்துக்குப் போய்விட்டு வந்தவள் மாதிரி.

ஒருங்கிணைப்பு வாரியத்தின் அலுவலகத்துக்கு நான் மட்டும் போனேன். சுவரில் வரிசையாகக் கடிகாரங்கள் மாட்டியிருந்தார்கள். ஒவ்வொன்றும் ஒரு தூரதேசத்து நேரத்தைக் காட்டியது. நம்ம ஊர் நேரத்தைக் காட்ட ஒன்றுகூட இல்லை. அதனால் அங்கிருந்தவர்கள் எல்லாக் கடிகாரத்தின் மதியத்துக்கும் எழுந்து சாப்பிடப் போனார்கள். இரண்டு மதியங்களுக்கு நடுவில் என்னைக் கூப்பிட்டார்கள்.

இணைப்பு அதிகாரி நல்ல மனிதர். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார். பேசுவதற்காகக் கண்ணாடியில் ஒரு சின்ன ஓட்டை இருந்தது. நான் குனிந்து அதில் வாயை வைத்தால் அவர் கேட்பார். காதை வைத்தால் அவர் பேசுவார்.

"இனிமே உலகத்துல சுவரே கிடையாதும்மா" என்றார் ஓட்டை வழியாக. "உங்களுக்கும் கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கறவங்களுக்கும் நடுவுல எந்தத் தடுப்பும் கிடையாது."

"சரிங்க" என்றேன். கண்ணாடியில் மூக்கு இடித்தது.

அவர் பக்கத்தில் ஓர் இயந்திரம் இருந்தது. நாம் பேசினால் அதுவே கேட்டு அதுவே எழுதிக்கொள்ளும். எழுதியது நேராக உலகத்துக்குப் போய்விடுமாம்.

"என்ன விக்கறீங்க?"

"சோப்புங்க."

"கூட வேற ஏதாவது கொடுக்கறீங்களா?"

"ஒரு கொசுறு கொடுப்போம்."

இயந்திரம் டிங் என்றது. சான்று தற்காலிகமாகக் கிடைத்துவிட்டது, ஆய்வு முடிந்ததும் நிரந்தரமாகிவிடும் என்றார் அதிகாரி. நான் வீடுவரை நடந்தே போனேன். வழியில் இரண்டு பேரை நானே கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். அதில் ஒருவர் யாரென்றே எனக்குத் தெரியாது.

ஆய்வுக்கு வந்தவர் தலையிலிருந்து கால்வரை வெள்ளை உடை. தொப்பியைச் சுற்றி வலை. கையில் மூடி போட்ட கண்ணாடிக் குப்பி. மருந்து அடிக்கச் சொல்லி நாங்கள் நகராட்சியில் கத்திக் கத்தி ஓய்ந்திருந்தோம். அதற்குத்தான் ஆள் அனுப்பியிருக்கிறார்கள் என்று எனக்கு ஒரே பூரிப்பு.

"கொசு இங்கதானே?" என்றார்.

"வாங்க வாங்க. இப்பவாவது வந்தீங்களே!"

"தினசரி உற்பத்தி எவ்வளவு இருக்கும்?"

"எண்ண முடியுமாங்க? பின்னாடி சாக்கடை இருக்கு, போய்ப் பாருங்க. எல்லாம் அங்கிருந்துதான்."

"ஓ, உற்பத்திக்கூடம் தனியா இருக்கு." தலையை ஆட்டிக்கொண்டார். "யாரு பராமரிக்கறாங்க?"

"நகராட்சிதான்."

அவர் முகம் மாறியது. "அரசாங்க உதவியோட நடக்குதா? சரி, கொசுவுக்கு என்ன விலை வாங்கறீங்க?"

"நல்லாயிருக்கே! கொசுவுக்கு யாருங்க காசு கொடுப்பாங்க? சும்மாதான்."

"வெளியூர்க்காரங்களுக்குமா?"

"அதெல்லாம் வித்தியாசமே கிடையாது. நீங்க இங்கயே கொஞ்சம் நில்லுங்க, உங்களுக்கும் கிடைக்கும்."

"நான் கை நீட்டறவன் இல்லம்மா" என்று கறாராகச் சொல்லிவிட்டு, மாதிரிக்கு ஒன்றைக் குப்பியில் பிடித்துக்கொண்டு போனார். மருந்து அடிக்காமலே போகிறாரே என்று நான் பின்னால் கூப்பிட்டேன். அவர் திரும்பவில்லை. 'என்ன கெட்டிக்காரத்தனமாப் பேசினீங்க அண்ணி' என்று நாத்தனார் மெச்சினாள். அவள் என்னை மெச்சியது அதுதான் கடைசி.

அடுத்த வாரம் இருவரையும் அலுவலகத்துக்கு வரச் சொன்னார்கள். இணைப்பு அதிகாரி இந்தத் தடவை ஓட்டைக்கு ரொம்பக் கிட்டே வந்து பேசினார்.

"உங்க மேல பெரிய புகார் வந்திருக்கும்மா. நகராட்சி செலவுல கொசு உற்பத்தி பண்ணி, அதை அடக்க விலைக்கும் கீழே, சும்மாவே வாரிக் கொடுத்து, மத்த நாட்டுக் கொசு உற்பத்தியாளர்களை நசுக்கறீங்களாம்."

நாத்தனார்தான் கேட்டாள். "எந்த நாட்டுலங்க கொசு உற்பத்தி பண்றாங்க?"

"இதுவரைக்கும் யாரும் பண்ணலை. இப்படி முளையிலயே நீங்க நசுக்கினா, இனிமே யாருக்கும்மா துணிச்சல் வரும்?"

நாத்தனார் மெதுவாக என் பக்கம் திரும்பினாள். "அண்ணி, அன்னிக்கு இந்த மிஷின்ல கொசுறுன்னு சொன்னீங்களா, கொசுன்னு சொன்னீங்களா?"

"கொசுறுன்னுதான்டி சொன்னேன்!"

இயந்திரம் டிங் என்றது. 'கொசு' என்று எழுதியது.

அப்போதுதான் விஷயம் விளங்கியது. எனக்கு முன்பல் ஒன்று விழுந்து நாளாகிறது. 'று' சொல்லும்போது காற்று அந்தச் சந்து வழியாகத் தப்பித்துப் போய்விடுகிறது. வீட்டில் யாரும் இதைக் கவனித்ததில்லை. 'சோறு' என்று நான் கூப்பிட்டால் நாத்தனார் வந்துவிடுவாள். பசிக்கிறவளுக்கு 'சோ' போதும். உலகத்துக்கு அது போதவில்லை.

"தள்ளுங்க, நான் சொல்றேன்" என்று நாத்தனார் ஓட்டையில் வாயை வைத்தாள். அவளுக்கு எல்லாப் பல்லும் இருக்கிறது, அதில் அவளுக்குக் கர்வமும் உண்டு. கட்டடமே அதிர "கொசுறூ!" என்றாள்.

இயந்திரம் 'கொசு ரூ.' என்று எழுதிவிட்டு, எத்தனை ரூபாய் என்று கேட்டது.

அதிகாரி பொறுமையாகச் சொன்னார். "'கொசு'வுக்கு உலகச் சந்தையில குறியீட்டு எண் இருக்கும்மா. நீங்க சொல்ற அந்த இன்னொண்ணுக்கு இல்லை. 'று' சேக்கணும்னா அது புதுப்பொருள். எல்லா நாடும் உக்காந்து பேசி ஒத்துக்கணும். அது இருக்கட்டும், அப்படின்னா என்னதான் அது?"

"சோப்பு வாங்கினா கூட ஒரு துண்டு கொடுப்போங்க. அதுக்குக் காசு கிடையாது" என்றேன்.

"ஏன் கொடுக்கறீங்க?"

"நிக்கறாங்களே."

"நின்னா கொடுத்துடுவீங்களா?"

"நிக்காம போனா கூப்பிட்டுக் கொடுப்போம்."

"இதுல உங்களுக்கு என்ன ஆதாயம்?"

"நாளைக்கு வருவாங்க."

"வரலைன்னா?"

"நாளன்னிக்கு வருவாங்க."

அதிகாரி சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "அம்மா, நான் உங்க நல்லதுக்குச் சொல்றேன். அந்த இன்னொண்ணுக்குச் சான்று கொடுக்க எனக்கு வழியே இல்லை. கடை போயிடும். ஆனா கொசு ஏற்றுமதியாளர்னு ஒரு பிரிவு இருக்கு. ஆளே இல்லாம காலியாக் கிடக்கு. ஒரு பிரிவு காலியா இருந்தா எங்களுக்கு மேலிடத்துல கெட்ட பேரு. நீங்க சரின்னு ஒரு வார்த்தை சொன்னா கடையும் நிக்கும், நானும் நிப்பேன்."

நாத்தனார் என் கையைக் கிள்ளினாள். வேண்டாம் என்று அர்த்தம். எனக்கு அது புரிந்தது. ஆனால் கண்ணுகளா, பொய் சொல்லமாட்டேன், 'ஏற்றுமதியாளர்' என்ற சொல் காதில் விழுந்ததும் எனக்கு உள்ளே ஏதோ குளுகுளுவென்று ஆகிவிட்டது. வாழ்நாளெல்லாம் என்னை யாரும் நாலு எழுத்துக்கு மேல் எதுவும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கடைக்காக, கடைக்காக என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு தலையை ஆட்டிவிட்டேன்.

அதற்குப் பிறகு நான் ஆடிய ஆட்டத்தை நாத்தனார்தான் சொல்ல வேண்டும். கடைக்கு 'ஏற்றுமதியாளர்' என்று பெயர்ப் பலகை எழுதி மாட்டினேன். கைவைத்த நாற்காலி ஒன்று வாங்கிப் போட்டேன். அதில் உட்கார்ந்தால் படிக்கட்டு தலையில் இடித்தது. இருந்தாலும் உட்கார்ந்தேன். வீட்டில் 'குழம்பு ஆச்சா?' என்று கேட்கமாட்டேன். 'உற்பத்தி எந்த நிலையில இருக்கு?' என்பேன். 'கொதிநிலையில இருக்கு, எழுந்து வந்து கிண்டுங்க' என்பாள் அவள்.

வாரியத்தின் பெரிய விழாவுக்கு எனக்கு அழைப்பு. மேடையில் கடைசி நாற்காலி. வாரியத் தலைவர் மாலையோடு எழுந்து பேசினார். அந்தப் பேச்சு எனக்கு இன்னும் மனப்பாடம்.

"பெரியோர்களே! நம் ஒருங்கிணைப்புக்குக் கொசுவைவிடச் சிறந்த முன்மாதிரி உண்டா? கொசுவுக்கு எல்லை கிடையாது. அனுமதிச்சீட்டு கிடையாது. எங்கே ரத்தம் இருக்கிறதோ அங்கே போகும். உறிஞ்சும். உறிஞ்சிய இடத்திலேயே தங்கி அது யாருக்கும் பாரமாக இருப்பதில்லை, அடுத்த இடத்துக்குப் போய்விடும். பின்னால் காய்ச்சல் வந்தால் அது அந்தந்த ஊரின் உள்விவகாரம். நமது நிறுவனங்களும் இப்படிச் சிறகு விரித்துப் பறக்கும் நாளே என் கனவு!"

கூட்டம் கைதட்டியது. நானும் தட்டினேன். தட்டிய கைக்கு நடுவில் ஒரு கொசு மாட்டி நசுங்கியது. முன்வரிசையில் இருந்த வெள்ளை உடை ஆய்வாளர் அதைப் பார்த்துவிட்டு, ஏற்றுமதிப் பொருளைச் சேதப்படுத்தியதற்கு இந்தத் தடவை மன்னிப்பு, அடுத்த தடவை கிடையாது என்று மேடைக்கு வந்து என் காதில் சொன்னார்.

அதோடு இன்னொன்றும் சொன்னார். ஏற்றுமதியாளர் உள்ளூரில் யாருக்கும் சும்மா கொசு கொடுக்கக்கூடாது. கொடுத்தால் கடைக்குச் சீல்.

"நாங்க கொடுக்கறது சோப்புத் துண்டுங்க" என்றேன்.

"சட்டப்படி அது கொசும்மா" என்றார்.

மறுநாளிலிருந்து அவர் எங்கள் கடைக்கு எதிரிலேயே ஒரு முக்காலியில் உட்கார்ந்துகொண்டார். சந்தையில் யாராவது கையில் பட்டென்று அடித்துக்கொண்டால் நிமிர்ந்து பார்ப்பார். ஜனங்கள் கடியைப் பொறுத்துக்கொண்டு அசையாமல் நின்றார்கள்.

முதலில் வந்தவர் அடுத்த தெருச் சலூன்காரர். வாரம் தவறாமல் எங்களிடம்தான் சோப்பு வாங்குவார். காசைக் கொடுத்தார். நின்றார். நான் முக்காலியைப் பார்த்தேன். சட்டியைப் பார்த்தேன். பிறகு, எந்தப் பேய் பிடித்ததோ, நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "அதெல்லாம் இப்ப ஏற்றுமதிக்குத்தான் தம்பி" என்றேன்.

அவர் சோப்பை முகர்ந்து பார்த்தார். "அக்கா, இந்தத் துண்டு இல்லாம என் கடையில சவரம் ஒண்ணும் நின்னுடாது. ஆனா நீங்க கொடுக்கலைன்னா, நான் ஏதோ தப்புப் பண்ணிட்ட மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த வாரம் அவர் வரவில்லை. அவர் மட்டுமா? கட்டிகள் அடுக்கியபடி அப்படியே இருந்தன. பலகை பளபளத்தது. கடை நின்றது, கடைக்கு முன்னால்தான் யாரும் நிற்கவில்லை. நாத்தனார் கம்பியை எடுத்து அறுப்பதற்கு ஒன்றுமில்லாமல், உட்கார்ந்து சும்மா காற்றை அறுத்துக்கொண்டிருந்தாள்.

"ஏற்றுமதியாளரே, ராத்திரிக்கு எதை இறக்குமதி பண்ணிச் சாப்பிடறது?" என்றாள் ஒரு சாயங்காலம். அந்தக் கேள்விக்குப் பிறகு நாற்காலி குத்த ஆரம்பித்தது.

இந்த நிலையில்தான் வெளிநாட்டுப் பார்வையாளர்கள் வந்தார்கள். புகாரைத் தீர்த்து, சான்றை நிரந்தரமாக்குவதா வேண்டாமா என்று நேரில் பார்த்து முடிவு செய்வார்களாம். படிக்கட்டுக்குக் கீழே ஒவ்வொருவராகக் குனிந்து நுழைந்தார்கள். கூடவே இணைப்பு அதிகாரி, கையில் இயந்திரம். பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர். அதிகாரி என்னிடம் கெஞ்சினார். "அம்மா, நீங்க வாயைத் திறக்காம இருந்தாப் போதும். இன்னிக்கு முடிஞ்சா கடை உங்களுக்கே."

வாயைத் திறக்கக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன், இருக்கிற பல்லை.

பார்வையாளர்களில் ஓர் அம்மாள், என் வயது இருக்கும், கால் வீங்கியிருந்தது. அடுக்கியிருந்த சோப்பில் ஒன்றை எடுத்தாள். முகர்ந்தாள். தன் கைப்பையைத் திறந்து காசைக் கொடுத்தாள். வாங்கி வைத்தேன். எல்லோரும் நகர்ந்தார்கள். அந்த அம்மாள் மட்டும் நகரவில்லை.

நின்றாள், கண்ணுகளா. எதுவும் கேட்காமல், என் முகத்தைப் பார்க்காமல், வேறெங்கோ பார்க்கிற மாதிரி நின்றாள்.

அப்படி ஒருத்தி நிற்கும்போது என் கை என் பேச்சைக் கேட்குமா? அது பாட்டுக்குச் சட்டிக்குள் போனது. இருந்ததிலேயே பெரிய துண்டாக எடுத்து அவள் கையில் வைத்தது. அவள் முகம் அப்படியே மலர்ந்தது. தன் மொழியில் ஒரு சொல்லைச் சொன்னாள்.

"அவங்க ஊர்லயும் இது உண்டாம். அதுக்கு ஒரு பேரும் உண்டாம்" என்றார் மொழிபெயர்ப்பாளர்.

மற்றவர்கள் திரும்பி வந்தார்கள். அடுத்தவர் அவர் ஊர்ச் சொல்லைச் சொன்னார். அது தும்மல் மாதிரி இருந்தது. இன்னொருவர் வாய்க்குள் கூழாங்கல்லை உருட்டுகிற மாதிரி ஒன்றைச் சொன்னார். ஆளுக்கு ஒரு சோப்பு எடுத்தார்கள், காசு கொடுத்தார்கள், வரிசையாக நின்றார்கள். நாத்தனார் எனக்கு முன்னால் பாய்ந்து சட்டியைத் தூக்கிக்கொண்டாள். எங்கள் கடையில் பல நாளைக்குப் பிறகு வியாபாரம்.

அதிகாரியின் கையில் இருந்த இயந்திரம் ஒவ்வொரு சொல்லுக்கும் டிங் டிங் என்று எழுதிக்கொண்டே வந்தது. முதல் சொல் 'பல்லி'. இரண்டாவது 'ஆந்தை'. கூழாங்கல் சொல்லுக்கு 'ஒட்டகம்'. அதிகாரிக்கு வியர்த்துக் கொட்டியது.

"நிறுத்துங்க!" என்று கத்தினார். "எத்தனை உயிரினம்மா சும்மா கொடுப்பீங்க?"

கால் வீங்கிய அம்மாள் மொழிபெயர்ப்பாளரிடம் ஏதோ கேட்டாள். "இதுக்குப் பதிலா அவங்க என்ன செய்யணும்னு கேக்கறாங்க" என்றார் அவர்.

"ஒண்ணும் வேண்டாம்னு சொல்லுங்க."

மொழிபெயர்ப்பாளர் வாயைத் திறந்தார், மூடினார். வர்த்தக மொழியில் அதற்குச் சொல் இல்லையாம்.

எதிரில் முக்காலியில் இருந்த வெள்ளை உடை ஆய்வாளர் மெல்ல எழுந்து வந்தார். "இங்க நடந்ததுக்குச் சட்டத்துல சொல் இருக்கு" என்றார். "தீர்ப்புச் சொல்ல வந்தவங்க கையில, தீர்ப்புக்கு முன்னாடி, கடைக்காரம்மா பொருள் வெச்சிருக்காங்க. இதுக்குப் பேரு லஞ்சம்."

என் ஆயுசில் லஞ்சம் கொடுக்கிற அளவுக்கு எனக்கு வசதி வந்ததே இல்லை. சோப்பு ஓரத்தை வைத்து முடித்துவிட்டேன்.

சாட்சிப் பொருளாகத் துண்டுகளை ஒப்படைக்கும்படி பார்வையாளர்களைக் கேட்டார்கள். ஒருவரும் கொடுக்கவில்லை. அந்த அம்மாள் கைப்பையை இறுக்கி மூடிக்கொண்டாள். அன்று மாலையே கடைக்குச் சீல் வைத்தார்கள். ஒலிபெருக்கி எங்கள் இணைப்பு நீக்கப்பட்டதை அறிவித்து, வாழ்த்தும் சொன்னது. படிக்கட்டுக்குக் கீழே இப்போது வாரியத்தின் கொசுக் காட்சியகம் இருக்கிறது. குளிர்சாதனம் வைத்திருப்பதால் கொசுக்கள் அங்கே போவதில்லை.

சோப்புச் சட்டங்களையும் கட்டிகளையும் தள்ளுவண்டியில் ஏற்றி நாங்கள் இருவரும் தள்ளிக்கொண்டு போனோம். எங்கே போகிறோம் என்று இருவருக்கும் தெரியாது. பெயர்ப் பலகையை நான் வண்டிக்கு அடியில் சொருகியிருந்தேன். நாத்தனார் திட்டவில்லை. பார்த்தும் பார்க்காத மாதிரி வண்டியைத் தள்ளினாள்.

அடுத்த தெருவில் சலூன் வாசலைக் கடக்கும்போது நான் தலையைக் குனிந்துகொண்டேன். வண்டிச் சக்கரம் சரியாக அங்கேதான் பள்ளத்தில் மாட்ட வேண்டுமா? சலூன்காரர் கையில் சவரக்கத்தியோடு வெளியே வந்தார். உள்ளே நுரை பூசிய முகத்தோடு ஒருவர் காத்திருந்தார்.

"எங்கக்கா, ஏற்றுமதியா?"

"கடை போச்சு தம்பி" என்றாள் நாத்தனார். "பெரிய இடத்துக்கெல்லாம் துண்டு கொடுத்துட்டோம்."

அவர் வண்டியைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை. பிறகு உள்ளே போய், கண்ணாடிக்குக் கீழே இருந்த நீளப் பலகையில் பவுடர் டப்பாக்களையும் வாசனைத் தண்ணீர்க் குப்பிகளையும் ஒரு பக்கமாக ஒதுக்கினார். ஈரத்துணியால் மறுபக்கத்தைத் துடைத்தார்.

"இங்க அடுக்குங்க. உக்கார ஒரு ஸ்டூலும் இருக்கு."

அன்று நான் அவரை அனுப்பிய விதத்தை நினைத்தால் என்னால் நிமிரவே முடியவில்லை. இத்தனைக்கும் இங்கே தலையில் இடிக்கப் படிக்கட்டுகூட இல்லை.

"வாடகை என்னன்னு சொல்லிடுங்க தம்பி" என்றேன்.

"பெரிய கடையையா தூக்கிக் கொடுத்துட்டேன்? ஓரம்தானே." அவர் ஏற்கெனவே நுரை முகத்துக்காரரின் தாடையைத் திருப்பிக்கொண்டிருந்தார். "கொசுறுன்னு வெச்சுக்கோங்க."

நான் என்ன சொல்வதென்று தெரியாமல் நின்றேன். நாத்தனாருக்கு அந்தச் சிரமம் எப்போதும் கிடையாது. முதல் கட்டியைப் பலகையில் வைத்து இடத்தை அளந்து பார்த்தாள். முகம் சுளித்தாள்.

"கொசுறுன்னா கொஞ்சம் தாராளமா இருக்கணும் தம்பி. அந்தச் சீப்பு டப்பாவையும் தள்ளுங்க."